காதுக்குள்ள இரையுதா? சும்மா விடுறதா, எண்ணெ விடுறதா, டொக்டரா, மெஷினா

2022 பங்குனிக் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்த நாள் ஞாபகம் இருக்குந்தானே. அண்டைக்கு ராவு காரைதீவில எங்கட வீட்டு ஃபேன் நிண்டிட்டு. ஃபேன் நிண்டா நுளம்பு கேக்கும், கொஞ்சம் காத்து மாறினா கடல் கேக்கும். எனக்கு அது ரெண்டுக்கும் முன்னால வேற ஒண்டு கேட்டிச்சு, கீ எண்டு ஒரே நேர்கோடா, பழைய பெட்டி டிவியப் போட்டா வருமே அந்த மாதிரி. எழும்பிப் போய் ஃபிரிட்ஜுக்குக் கிட்ட நிண்டு பாத்தன், மீற்றர் பெட்டிக்குக் கிட்ட நிண்டு பாத்தன், வாசலத் திறந்து வெளியிலயும் போய் நிண்டன், எங்க போனாலும் சத்தம் கூடவும் இல்ல குறையவும் இல்ல. திரும்பி வந்து மனிசியத் தட்டி "உனக்கு ஒண்டும் கேக்கல்லயா, ஒரு கூவல்?" எண்டு கேட்டதுக்கு அவ கண்ணத் திறக்காமலே "கரண்டே இல்லாத ஊரில என்னங்க கூவப்போகுது, படுங்க" எண்டா.

கரண்ட் வந்திச்சு. கூவல் போகல்ல. சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல்லு மில்லில 14 வருசம் நிண்டவன் நான், கடைசி மூண்டு வருசந்தான் கணக்குக் கொப்பியோட உள்ள ஒபிஸ் அறைக்குள்ள, அதுக்கு முதல் முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில. காதுக்கு ஒண்டும் போட்டதில்ல. மில்லில சொன்னா பொடியன்மார் சிரிக்கிறானுகள், "மட்டக்களப்புப் பாலத்துக்குக் கீழ பாடுற மீன் ஒண்டு வழி தவறி உங்கட காதுக்குள்ள வந்திட்டு அண்ணன்" எண்டு. அந்த மீனக் கேக்குறதெண்டா பறுவ நாளில தோணியில போய்த் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டுக் காத வைக்கவேணும் எண்டு சொல்லுவாங்க, எனக்குத் துடுப்பும் தேவல்ல தோணியும் தேவல்ல.

இத இப்ப ஏன் எழுதுறன் எண்டா, போன கிழமை திருக்கோவிலில இருந்து மச்சான் ஒருத்தர் கோல் எடுத்தார். அவர் வயலில நெல்லு வெட்டுற மெஷின் ஓட்டுற ஆள். "மச்சான் எனக்கும் வந்திட்டுகா, என்ன செய்யிற, எங்கட பரியாரி எண்ணெ தாறன் எண்டுறார், மகன் போனில காதில போடுற ஒரு மெஷினக் காட்டி வாங்குவம் எண்டுறான், உங்கட மருமகள் சொல்லுறா மட்டக்களப்புக்குப் போய் பெரிய டொக்டரச் சனல் பண்ணுங்க எண்டு, எதுக்கு நான் காசக் கொட்டுற?" எண்டு கேட்டார். இதில எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் காசு கொட்டிப் பாத்தவன் நான்தான், அதால ஒண்டோட ஒண்ட வச்சுப் பாத்துச் சொல்லுறன். நான் டொக்டர் இல்ல. ஆனா ஒரு விசயத்த முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குறன்: காது டெஸ்ட் எடுக்காம இதில எந்த வழிக்கும் ஒரு சதம் செலவழிக்கக் கூடாது. நான் தலைகீழாச் செய்தன், முதல்ல குளிசை, மறுகா எண்ணெ, மறுகாதான் டெஸ்ட்.

ஏன் இந்தச் சத்தம் வருது எண்டது விளங்கினாத்தான் எந்த வழி எதுக்கு உதவும் எண்டது விளங்கும், அதால கொஞ்சம் பொறுங்க. இதுக்கு இங்கிலீஸில டினிட்டஸ் எண்டு பேர், வெளியில ஒரு சத்தமும் இல்லாம காதுக்குள்ளயோ தலைக்குள்ளயோ சத்தம் கேக்குறது. சிலருக்குக் கூவும், சிலருக்கு இரையும், சிலருக்குச் சில்வண்டு மாதிரி. உள்காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு சாமான் இருக்கு, அதுக்குள்ள கிட்டத்தட்ட 15,000 மயிர்க் கலங்கள் இருக்கு, பெரிய சத்தத்திலயும் வயசிலயும் அது செத்தா மனிசருக்குத் திரும்ப முளைக்காது. அது குறையக் குறைய மூளைக்குப் போற சிக்னல் குறையும். இப்ப வாய்க்கால் கடைசியில வயல் வச்சிருக்கிறவனக் கேளுங்க, தண்ணி வரத்து குறைஞ்சா அவன் என்ன செய்வான், பலகையக் கழட்டி வாசலப் பெரிசாத் திறப்பான், அப்ப தண்ணி கொஞ்சமும் சேறு கனக்கவும் வரும். மூளையும் அப்பிடித்தான், காதில இருந்து வரத்து குறையுது எண்டு வாசலப் பெரிசாத் திறக்குது, எப்பவும் நரம்புக்குள்ள ஓடிக்கொண்டிருந்த சின்ன இரைச்சல் எல்லாம் சத்தமா வந்து நிக்குது. இப்பிடித்தான் இப்ப கனபேர் விளங்கப்படுத்துறாங்க, முழுக்கதையும் இன்னும் முடியல்ல.

அந்தச் சின்ன இரைச்சல் எல்லாருக்கும் இருக்கு எண்டதுதான் எனக்கு ஆச்சரியம். 1953ல ஹெல்லர், பெர்க்மன் எண்டு ரெண்டு பேர் அமெரிக்காவில காது நல்லாக் கேக்குற 80 பேரச் சத்தம் புகாத அறைக்குள்ள இருத்தி என்ன கேக்குது எண்டு கேட்டிருக்காங்க, 94 வீதமான ஆக்கள் ஏதோ ஒரு சத்தம் கேக்குது எண்டிருக்காங்க. அப்ப நமக்கு வந்தது பேயும் இல்ல, மூளைக்குள்ள பூச்சியும் இல்ல.

இனி வழிகளுக்கு வருவம். ஆனா சில பேருக்கு இதில யோசிக்கவே ஒண்டும் இல்ல, நேர ஆஸ்பத்திரிதான். ஒண்டு, திடீரெண்டு ஒரு காது கேக்காமப் போய் அதோட இரைச்சலும் வந்தா. இது அவசரம், ஸ்டீரொயிட் மருந்து முதல் சில நாளுக்குள்ள தொடங்கினாத்தான் பலன் கூட, ரெண்டு கிழமை தாண்டினா சரியான கஷ்டம். எங்கட ஒழுங்கையில ஒருத்தர் குளத்தில குளிச்ச தண்ணி காதுக்குள்ள போயிட்டு எண்டு மூண்டு கிழமை தலையச் சரிச்சுச் சரிச்சுத் துள்ளிக்கொண்டு திரிஞ்சார், பிறகு போக, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே எண்டு சொல்லிட்டாங்க. அந்தக் காது இண்டைக்கும் கேக்கிறல்ல. அடுத்தது, சத்தம் நாடித் துடிப்போட சேந்து டப் டப் எண்டு வந்தா, கைநாடியப் பிடிச்சுக்கொண்டு கேட்டுப் பாத்தாத் தெரியும், அது ரத்தக் குழாய் விசயமா இருக்கலாம். ஒரு காதில மட்டும் விடாமக் கேட்டா நரம்பில சின்னக் கட்டி கிட்டி இருக்கா எண்டு எம்ஆர்ஐ பாப்பாங்க, பெரும்பாலும் ஒண்டும் இருக்காது, எண்டாலும் பாக்கத்தான் வேணும். தலைசுத்தி எல்லாம் சுழண்டு சத்தி வந்தாலோ, காதில சீழ் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ அதுவும் அப்பிடித்தான்.

இது ஒண்டும் இல்லாத, என்னப்போல, மச்சானப்போல, ரெண்டு காதிலயும் மெதுவா வந்து குந்தின ஆக்களுக்குத்தான் மிச்சக் கதை.

முதல் வழி சும்மா விடுறது. இதக் குறைவா நினைக்காதீங்க. கோயில் சடங்கில ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டிட்டு வந்த ராவோ, சீனவெடி கிட்ட வெடிச்ச அண்டோ வாற கூவல் கனக்க நேரம் ஒண்டு ரெண்டு நாளில தானாப் போயிரும், அதுக்கு ஆஸ்பத்திரி தேவல்ல, காதுக்கு ஓய்வு குடுத்தாச் சரி. மாசக்கணக்கா நிண்டாலும் நித்திரைக்கோ வேலைக்கோ இடைஞ்சல் இல்லாட்டி ஒருக்கா டெஸ்ட் எடுத்துப்போட்டு அதோட இருக்கலாம், கனபேர் அப்பிடித்தான் இருக்காங்க. ஆனா டெஸ்டும் எடுக்காம சும்மா விட்டா, காதுக் குறும்பி அடைச்சதாலயோ நடுக்காதில கிருமியாலயோ வந்திருந்தா, சுகப்படுத்தக் கூடிய சாமான சும்மா விட்ட கணக்காப் போயிரும். குறும்பி எண்டு சந்தேகம் வந்த உடனே சட்டப்பின்னும் கோழிச்சிறகும் எடுக்கிற பழக்கம் நமக்கு இருக்கே, அத விடுங்க. பட்ஸும் அப்பிடித்தான், குறும்பிய வெளியில எடுக்காது, உள்ளுக்குத்தான் தள்ளும்.

மறுகா டொக்டர், அதில அரசாங்கமா தனியாரா எண்டது. எனக்கு ரெண்டிலயும் அனுபவம் இருக்கு. தனியார் ஆஸ்பத்திரி ஒண்டில, பேர் வேணாம், பின்னேரம் சனல் பண்ணிப் போனன், நம்பர் 31, ராவு ஒம்பது மணி போல உள்ள கூப்பிட்டாங்க, டோர்ச்ச அடிச்சுப் பாத்தார், "நரம்பு வீக்" எண்டார், மூண்டு வகைக் குளிசை ஒரு மாசத்துக்கு. அஞ்சு நிமிசம் இருந்திருக்காது. டெஸ்ட் எண்ட சொல்லே வரல்ல. அவரக் குறை சொல்லல்ல, பின்னால இன்னும் இருவது பேர் இருந்தாங்க. ஆனா காசு போனது போனதுதான்.

அரசாங்க வழி மெதுவு, ஆனா ஒழுங்கா ஒவ்வொரு படியாப் போகும். நம்மட பக்கத்து ஆக்களுக்கு கல்முனையில ஆஸ்பத்திரி இருக்கு, அம்பாறையில பொது வைத்தியசாலை இருக்கு, மட்டக்களப்பில போதனா வைத்தியசாலை. நான் ஓபிடியில துண்டு எடுத்து, அவங்க எழுதித் தந்த கடிதத்தோட காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு மட்டக்களப்புக்குத்தான் போனன், விடிய அஞ்சரை பஸ்ஸில ஏறி வரிசையில நிண்டு திரும்ப ரெண்டு மணியாப் போச்சு. ஒரு நாள் கூலி போகும், அதக் கணக்கில வச்சுக்கொள்ளுங்க. டெஸ்டுக்கு இன்னொரு நாள் தந்தாங்க, அதுக்கு ஒரு மாசத்துக்குக் கிட்டக் காத்திருந்தன். மச்சானுக்கு நான் சொல்லுறது என்னெண்டா, அவசரம் இல்லாட்டி அரசாங்கம், காத்திருக்க ஏலாட்டி டெஸ்ட மட்டும் வெளியில காசு குடுத்து எடுத்து அந்தப் பேப்பரோட திரும்பக் கிளினிக்குக்குப் போங்க. கொழும்புக்கு ஓடுறது எல்லாம் இங்க உள்ள டொக்டர் எழுதித் தந்தா மட்டும். கொழும்புக்குப் போனாலும் முதல்ல எடுக்கப்போறது அதே டெஸ்டத்தான்.

அந்த டெஸ்டப் பத்திக் கொஞ்சம் சொல்லவேணும், எனக்கு எல்லாம் மாறினது அண்டைக்குத்தான். குளியலறை அளவில ஒரு அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கதவ மூடினா காதில ஏதோ அமத்துற மாதிரி ஒரு அமைதி, அந்த அமைதிக்குள்ள என்ட கூவல் திருவிழா மாதிரி நிக்குது. ஹெட்ஃபோன், சிவப்பு வலதுக்கு நீலம் இடதுக்கு. கையில ஒரு பட்டன். கண்ணாடிக்கு அங்கால இருந்த மிஸ் "அண்ணன், சத்தம் எவ்வளவு சின்னதா வந்தாலும் கேட்ட உடனே அமத்துங்க" எண்டா. தடிச்ச சத்தமெல்லாம் சுகமா அமத்தினன். மறுகா மெல்லிய கீச்சுச் சத்தம் வரத் தொடங்கினதும் அது அவ தாறதா எனக்குள்ள கிடக்கிறதா எண்டு தெரியல்ல, சும்மா சும்மா அமத்தினன், அவ கதவத் திறந்து சிரிச்சுக்கொண்டு "நான் ஒண்டும் தரல்லயே அண்ணன்" எண்டா. வெக்கமாப் போச்சு. "மிஸ், எனக்குள்ள ஒண்டு விடாம அடிக்குது" எண்டன். "பரவால்ல, அப்பிடியெண்டா விட்டு விட்டு வாறத மாத்திரம் அமத்துங்க" எண்டு வேற மாதிரி விட்டு விட்டுத் தந்தா.

பிறகு பேப்பரக் காட்டினா. இடது கைப்பக்கம் தடிச்ச சத்தம் 250 ஹேர்ட்ஸில தொடங்கி வலது பக்கம் கீச்சுச் சத்தம் 8000 வரைக்கும், கோடு கீழ போனா அந்தச் சத்தம் கேக்குறது குறைவு எண்டு அர்த்தம். என்ட கோடு நல்லா நேரா வந்து வந்து 4000ல கிணத்துக்குள்ள விழுந்த மாதிரிக் கீழ இறங்கி 8000ல திரும்பக் கொஞ்சம் ஏறுது. "மில்லில வேலையா?" எண்டு கேட்டா. நான் சொல்லவே இல்ல. பெரிய சத்தத்தில நிண்ட காதுக்கு அந்த 4000 பள்ளந்தான் அடையாளமாம். வீட்ட மனிசி சாக்கு எண்டா எனக்குப் பாக்கு எண்டு கேக்குறதும், மகள் மெல்லக் கதைச்சா எனக்கு எரிச்சல் வாறதும் கூவலால இல்ல, இந்தப் பள்ளத்தால எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. ரெண்டு வருசமா நான் கூவலக் குறை சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கன்.

குளிசையப் பத்தி இனிச் சுருக்கமாச் சொல்லலாம். டினிட்டஸ நிப்பாட்டுற குளிசை எண்டு ஒண்டு இண்டைக்கு வரைக்கும் இல்ல. பீட்டாஹிஸ்டின் எண்டு ஒண்டு கனபேருக்கு எழுதுறாங்க, அது மெனியர் எண்ட தலைசுத்து வருத்தத்துக்குக் குடுக்கிறது, வெறும் இரைச்சலுக்கு அதக் குடுக்க வேணாம் எண்டு பிரித்தானியாவில மருத்துவ வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு 2020ல எழுதியே வச்சிட்டு. அமெரிக்க காது மூக்குத் தொண்டை டொக்டர்மாரின்ட சங்கம் 2014ல விட்ட வழிகாட்டியில ஜிங்கோ எண்ட இலைச் சாறு, சிங்க், மெலடோனின் இதெல்லாம் இரைச்சலுக்கு வேணாம் எண்டிருக்கு, பார்மசியில "காது நரம்புக்கு நல்லம்" எண்டு தாற விட்டமின் போத்தலையும் அந்தக் கணக்கில போடுங்க. நித்திரையே இல்லாமலோ மனசு விழுந்தோ இருந்தா அதுக்குக் குளிசை உதவும், அது வேற கதை, டொக்டர் சொல்லித்தான். இதில மறுபக்கம் ஒண்டு இருக்கு: சில மருந்தே இரைச்சலக் கொண்டுவரும். கூடின அளவு அஸ்பிரின், கிருமிக்குப் போடுற ஜென்டாமைசின் ஊசி, புற்றுநோய்க்குக் குடுக்கிற சிஸ்பிளாட்டின், சிறுநீர் போறதுக்குக் குடுக்கிற புரூசமைட் கூடின அளவில. அதால கிளினிக்குக்குப் போகக்குள்ள குடிக்கிற குளிசை எல்லாத்தயும் பையோட கொண்டுபோங்க. இதப் படிச்சுப்போட்டு நெஞ்சு வருத்தத்துக்குத் தந்த சின்ன அஸ்பிரின நீங்களா நிப்பாட்டிப் போடாதீங்க, அது வேற அளவு.

எண்ணெ. நம்மட பரியாரிமார நான் மதிக்கிறன், எங்கட அம்மம்மான்ட முழங்கால அவங்கதான் பாத்தாங்க. ஆனா காதுக்குள்ள எண்ணெ விடுறது டெஸ்டுக்குப் பிறகு கூட எனக்குச் சரியாப் படல்ல. காதுச் சவ்வில ஓட்ட இருக்கா இல்லயா எண்டு வெளியில இருந்து தெரியாது, ஓட்டைக்குள்ளால எண்ணெ போனா நடுக்காது பழுதாகும், நம்மட வெக்கைக்கு ஈரம் பட்ட காதில பூஞ்சணம் வேற பிடிக்கும். நான் விட்டன் மூண்டு கிழமை, சூடாக்கி, வெள்ளைப்பூடு போட்டு. கூவல் குறையல்ல, தலகாணி உறைதான் மஞ்சளாப் போச்சு. காஞ்ச குறும்பிய இளக்குறதுக்கு மட்டும் சில நேரம் டொக்டரே சொட்டு மருந்தோ எண்ணெயோ விடச் சொல்லுவார், அது காதுக்குள்ள பாத்துப்போட்டுச் சொல்லுறது. சித்த வைத்தியரிட்டப் போறதெண்டாலும் போங்க, நித்திரைக்கும் உடம்பு அலுப்புக்கும் தாறதக் குடியுங்க, காதுக்குள்ள ஊத்துறத மட்டும் விடுங்க.

இனி மெஷின். இதிலதான் காசு கூடப் போகும், இதிலதான் ஏமாறவும் கூட இடம். காது கேக்குறது குறைஞ்ச ஆளுக்கு ஹியரிங் எய்ட் நல்ல வழி, ஏனெண்டா வாய்க்காலுக்குத் திரும்ப வெளித் தண்ணி வருது, மூளைக்கு வாசலப் பெரிசாத் திறந்து வைக்கத் தேவ குறையுது, கனபேருக்குப் போட்டிருக்கிற நேரம் இரைச்சல் பின்னால போயிரும். காது கேக்குறது குறையாத ஆளுக்கு அது தேவல்ல. மச்சான்ட மகன் போனில காட்டினது ஹியரிங் எய்டே இல்ல, அது சத்தத்தக் கூட்டுற பெட்டி. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னெண்டா, ஹியரிங் எய்ட்ட டெஸ்ட் பேப்பரப் பாத்து உங்கட பள்ளம் எங்க இருக்கோ அங்க மட்டும் கூட்டி வைப்பாங்க, பெட்டி எல்லாத்தயும் ஒரே மாதிரிக் கூட்டும், எனக்கு 4000ல மட்டும் குறைவு எண்டா பஸ் இரைச்சலும் சட்டி பானைச் சத்தமும் காதப் பிளக்கும், நல்லாக் கிடக்கிற மிச்சக் கலங்களும் போகலாம்.

நல்ல சாமான் ரெண்டு காதுக்கும் எண்டா லட்சத்தத் தாண்டிப் போகும். ஒரு கடையில எனக்கு இருந்ததில விலை கூடினதத்தான் முதல்ல காட்டினாங்க, இரைச்சலையே அழிச்சுப் போடும் எண்டாங்க. அழிக்காது. அழிக்கும் எண்டு சொல்லுற கடையில இருந்து எழும்பி வந்திருங்க. நான் வாங்கினது நடுத்தரம், ரெண்டு கிழமை போட்டுப் பாத்துத்தான் காசு குடுத்தன், ட்ரையல் தராட்டி வாங்கவே வேணாம். காத முழுக்க அடைக்காம காத்துப் போற மாதிரி உள்ளதக் கேளுங்க, அடைச்சா என்னப்போல ஆக்களுக்குச் சொந்தக் குரலே பானைக்குள்ள கதைக்கிற மாதிரிக் கேக்கும், இரைச்சலும் கூடும். பற்றிக்கு நிறம் இருக்கு, மஞ்சள் ஸ்டிக்கர் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, கடையில நிறத்தச் சொல்லிக் கேட்டாலே தருவாங்க. வாங்க முதல் அந்தப் பற்றி நம்மட ஊரில எடுக்கலாமா எண்டு பாருங்க. வேர்வையும் மாரி மழை ஈரமும் இதுக்கு எமன், ராவில சிலிக்கா ஜெல் போட்ட போத்தலுக்குள்ள போட்டு வைக்கவேணும். காசு இல்லாட்டிப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரக் கேட்டுப் பாருங்க, கேக்குறதில வெக்கம் இல்ல.

ராவுக்கு மெஷினே தேவல்ல. முழு அமைதிக்குள்ள படுக்காதீங்க எண்டதுதான் எனக்குக் கிடைச்ச புத்திமதியில மலிவானதும் நல்லதும். ஃபேன், மழைச் சத்தம், போனில கடல் சத்தம் எதுவும் சரி, ஆனா கூவல் மறையிற அளவுக்குப் போடக்கூடாது, அதுக்குக் கொஞ்சம் கீழ, ரெண்டும் கலந்து கேக்குற மாதிரி வச்சாத்தான் மூளை இத முக்கியமில்லாத சத்தம் எண்டு பழகும். ஜாஸ்ட்ரபோஃப் எண்ட ஆராய்ச்சியாளர் 1990ல எழுதின கருத்துக்குப் பின்னால இத ஒரு முறையா உண்டாக்கினாங்க, அது ஒண்டு ரெண்டு வருசம் இழுக்கும், முழு முறையும் செய்யிற இடம் தேடி அலையிறத விட அதில உள்ள இந்தச் சின்ன விசயத்த வீட்டில செய்யலாம். காசே போகாத வழி எண்டதால இது எல்லா வழியோடயும் ஒட்டும்.

கடைசியா நான் சரியாப் பிந்திப் போன வழி, கவுன்சிலிங். டெஸ்ட் பேப்பரப் பாத்த கிளினிக் டொக்டர் 25 கேள்வி உள்ள ஒரு தாளத் தந்தார், ஓம் எண்டா 4, சில நேரம் எண்டா 2, இல்ல எண்டா 0, மொத்தம் 100. எனக்கு 58 வந்திச்சு, கடும் வகை. சத்தம் பெரிசு எண்டதால அந்த நம்பர் வரல்லயாம், சத்தத்தால நான் படுற பாடு பெரிசு எண்டதால வந்ததாம். "மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் தாறன்" எண்டார். எனக்குக் கோவம் வந்திச்சு, விசர் எண்டு நினைக்கிறாரா எண்டு, கடிதத்த மடிச்சுச் சேட் பொக்கற்றுக்குள்ள வச்சு நாலு மாசம் வச்சிருந்தன். ஊரில ஆராவது அந்த வரிசையில கண்டா என்ன கதைப்பாங்க எண்ட பயந்தான். மனிசிதான் உடுப்புக் கழுவக்குள்ள எடுத்துக் காட்டி "தண்ணியில போட்டா முடிஞ்சிருக்கும், போறீங்களா இல்லயா" எண்டா.

அங்க நடந்தது வெறும் கதை இல்ல. முதல் கிழமை ஒரு கொப்பியில எந்தெந்த நேரம் கூவல் ஞாபகத்துக்கு வருது எண்டு எழுதச் சொன்னாங்க. எழுதினன். பாத்தா, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிற ஒரு மணித்தியாலம் ஒருக்காக் கூட இல்ல, மட்ச் பாக்கக்குள்ள இல்ல, படுக்கப் போகக்குள்ள மட்டும் பன்ரெண்டு தரம். காஸ் சிலிண்டர் பூட்டியிருக்கா எண்டு திரும்பத் திரும்பக் குசினிக்குப் போய்ப் பாக்கிற ஆள் மாதிரி, நான் காதுக்குள்ள போய் இருக்கா இருக்கா எண்டு பாத்துக்கொண்டிருந்திருக்கன். அந்தப் பழக்கத்த விடுறது, "இதால என்ட வாழ்க்க முடிஞ்சிது" எண்டு வாற நினைப்பப் பிடிச்சு நிப்பாட்டிக் கேள்வி கேக்குறது, நித்திரை வராட்டிக் கட்டிலில கிடந்து புரளாம எழும்புறது, இப்பிடி ஆறு தரம் போனன். இதுக்கு சிபிடி எண்டு பேர். 2020ல மருத்துவ ஆய்வுகள ஒண்டாச் சேத்துப் பாக்கிற கொக்ரேன்காரங்க 28 ஆய்வு, 2,733 பேர் எண்டு சேத்துப் பாத்து, சத்தத்தால வாழ்க்கையில வாற கஷ்டத்த இது குறைக்கலாம் எண்டு எழுதியிருக்காங்க. எனக்கும் அப்பிடித்தான், கூவல் அதே கூவல், தாள் நம்பர் மட்டும் இப்ப 22.

காசக் கணக்குப் பாத்தாலும் இந்த வழிதான் எனக்கு ஆகக் குறைய முடிஞ்சது, அரசாங்கக் கிளினிக் எண்டதால பஸ் காசு மட்டும். குளிசைக்குப் போனதில கால்வாசி கூட இல்ல. ஹியரிங் எய்ட்டயும் இதையும் ஒண்டுக்கு ஒண்டு எதிரா வைக்கத் தேவல்ல, ரெண்டும் வேற வேற வேலை செய்யுது, பகலில சாக்கும் பாக்கும் சரியாக் கேக்குறது ஹியரிங் எய்ட்டால, ராவில நித்திரை வாறது அந்தக் கொப்பியால. ஒண்டுதான் ஏலும் எண்டா, நித்திரை இல்லாத ஆள் முதல்ல கவுன்சிலிங்குக்குப் போகட்டும், நித்திரை வருது ஆனா ஆக்கள் கதைக்கிறது விளங்கல்ல எண்டா முதல்ல ஹியரிங் எய்ட். இரைச்சலால உயிரே வெறுத்துப் போகுது எண்டு நினைக்கிற ஆராவது இதப் படிச்சா, கிளினிக் நாள் வரும் வரைக்கும் பாத்திருக்காம 1926க்கு எடுங்க, தேசிய மனநல உதவி நம்பர், ராவிலயும் எடுக்கலாம்.

மச்சானுக்கு இன்னொண்டும் சொல்லவேணும். எந்த வழிக்குப் போனாலும் வெட்டு மெஷினுக்கு மேல காத மூடாம ஏறினா எல்லாம் தண்ணிக்குள்ள போட்ட உப்பு. சத்தத்த டெசிபல் எண்டு அளப்பாங்க, 85 டெசிபலில எட்டு மணித்தியாலம் தாங்கலாம் எண்டு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு மூண்டு டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும், 88ல நாலு மணித்தியாலம், 91ல ரெண்டு, 100ல கால் மணித்தியாலம். அறுவடைக் காலத்தில அவர் இருக்கிறது காலையில இருந்து ராவு வரைக்கும். ஹெட்ஃபோன் மாதிரி வாற காது மூடி ஹாட்வெயார் கடையில எடுக்கலாம். ஆனா இதக் கேட்டுப்போட்டு வீட்டுக்குள்ளயும் பஞ்சு வச்சுக்கொண்டு திரியிற ஆக்களும் இருக்காங்க, அது பிழை, அமைதியான இடத்தில காத அடைச்சா இரைச்சல் கூடக் கேக்கும், சாதாரணச் சத்தமும் மறுகா குத்தத் தொடங்கும்.

நேற்றுத் திரும்பக் கோல் எடுத்தார். எண்ணெய வேணாம் எண்டிட்டாராம், மகன்ட மெஷினையும் நிப்பாட்டியாச்சாம், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கடிதம் எடுத்திட்டார். ஒரு தாளில எழுதிக்கொண்டு வாங்க எண்டன்: எப்ப தொடங்கினது, ஒரு காதா ரெண்டா, நாடியோட சேந்து அடிக்குதா, தலை சுத்துதா, எத்தின வருசம் மெஷின் ஓட்டினது, என்னென்ன குளிசை. டொக்டருக்கு முன்னால போனா நமக்கு எல்லாம் மறந்து போயிரும். திருக்கோவிலில இருந்து விடிய பஸ் பிடிக்கிறது கஷ்டம் எண்டு திங்கள் ராவே வந்து எங்கட வீட்டில தங்குறாராம். ஹோலில எனக்கும் அவருக்கும் பாய் போடுறன் எண்டு மனிசி சொல்லிட்டா. வீட்டில உருப்படியாச் சத்தம் போடுற ஃபேன் ஒண்டுதான் இருக்கு, ஆருக்குப் பக்கத்தில வைக்கிறது எண்டுதான் இன்னும் முடிவாகல்ல.